அடுப்புக்கு இரண்டடி தள்ளி

1

எங்கள் சமையலறைத் தரையில் மஞ்சள் டேப் ஒன்று ஒட்டியிருக்கிறது. அடுப்பு மேடையிலிருந்து இரண்டடி தள்ளி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. ஒட்டியவள் என் மகள் நிலா. அளவுநாடா வைத்து அளந்து, சுருக்கம் விழாமல் தேய்த்துத் தேய்த்து ஒட்டினாள். அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாத ஒரே ஆள் என் அம்மா.

அம்மா பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து லண்டனுக்கு வந்திருக்கிறார். ஆயுசில் பாதிக்கு மேல் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கியவர். போன வருஷம் பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர் குடத்தோடு மயங்கி விழுந்தார். இதயம் நின்று நின்று துடிக்கிறது என்று சொல்லி, இடது தோளெலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். அம்மா அதை மெஷின் என்றுதான் சொல்வார்.

எங்கள் வீட்டில் இருப்பது இண்டக்ஷன் அடுப்பு. இந்தக் கட்டிடத்துக்காரர்கள் காஸ் குழாயையெல்லாம் பிடுங்கிவிட்டு எல்லா வீட்டுக்கும் இதையே வைத்துக் கொடுத்தார்கள். நெருப்பு கிடையாது. கண்ணாடிக்கு அடியில் காந்த சக்தி உண்டாகி, மேலே இருக்கிற சட்டியின் அடிதான் சூடாகும். அந்த சக்தி மிகக் கிட்டப் போனால் மெஷினைக் குழப்பலாம். அதனால்தான் இரண்டடி.

பதுளையில் இதை வாசிக்கிற நீங்கள், "இதுக்குப் போய் ஒரு கதையா, கெழவி அடுப்படிக்குப் போகாம இருந்தா முடிஞ்சிச்சு" என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஒரு நேர்த்தி வைத்திருந்தார்.

"மாரியாத்தா, இந்த மெஷினு ஒரு வருசம் ஓடிட்டா, என் கையால ஒனக்குப் பொங்க வைக்கிறேன்."

என் கையால. அந்த ஒரு சொல்தான் எங்கள் வீட்டைப் போட்டு ஆட்டியது. மெஷின் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமையோடு வருஷம் முடிகிறது. இங்கே வைக்க முடியாவிட்டால் டிக்கெட்டை மாற்றிக் கொடு, ஊருக்குப் போய் வைக்கிறேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். ஊரில் தம்பி வீட்டுக் காம்பரா அறையில் விறகடுப்பு. கவ்வாத்து வெட்டின தேயிலை மிலாறுதான் விறகு; கொஞ்சம் ஈரமென்றாலும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத புகை. புகைக்குள் உட்காரவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். தனியாக விமானம் ஏறி, அந்தப் புகைக்குள்ளே போய் உட்காரப் போகிறேன் என்கிறவரை எப்படி அனுப்புவது? இரண்டடிக்குள் எப்படி விடுவது?

2

அம்மாவை அழைத்துவர நான் ஊருக்குப் போயிருந்தபோதே இது தொடங்கிவிட்டது. புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, "டவுனுக்குப் போகணும், சட்டி பானை வாங்கணும்" என்றார்.

"அங்க இல்லாத சட்டியாம்மா? பெட்டிதான் கனக்கும்."

"கனக்கட்டும். ஒனக்கு நா என்னத்தடி செஞ்சேன்? ஊரோட கல்யாணம் பண்ணிக் குடுத்திருந்தா அண்டா குண்டான்னு பேரு வெட்டி அனுப்பியிருப்பேன். வெறுங்கையோட போன நீயி. இப்ப நானும் வெறுங்கைய வீசிக்கிட்டு வந்து நிக்கவா?"

என் கல்யாணம் லண்டனில் ஒரு பதிவுக் காரியாலயத்தில் நடந்தது. மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர். அம்மா போட்டோவில்தான் பார்த்தார். நான் வளர்ந்த தோட்டத்து லயக் குடியிருப்பில் ஒரு பெண்ணைச் சட்டி பானை கொடுக்காமல் அனுப்பினால், அது தாய்க்குத்தான் குறை.

என் அடுப்பு எல்லாப் பாத்திரத்தையும் ஏற்காது, அலுமினியமும் மண்ணும் பித்தளையும் வைத்தால் சூடாகாது என்று விளக்கினேன். அம்மா கேட்டுவிட்டு, "அதென்னாடி, சாதி பாக்குற அடுப்பு?" என்றார்.

பதுளைக் கடைவீதியில் அம்மாவுக்குப் பழக்கமான பாத்திரக் கடை ஒன்று உண்டு. கடைக்கார நானாவிடம், அந்த முஸ்லிம் அண்ணனிடம், அடுப்பு விஷயத்தைச் சொன்னேன். அவர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து கறுப்பு வளையம் போல ஒன்றை எடுத்தார். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம். எவர்சில்வர் சட்டி ஒன்றின் அடியில் வைத்தார், வழுக்கி விழுந்தது. இன்னொன்றில் வைத்தார், டக்கென்று கவ்வியது.

"வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுதான் தங்கச்சி. அடியில இருக்கிற தகடுதான் வேற. அதுக்காக ஒட்டினதையெல்லாம் வாங்கிராதீங்க. அடி தட்டையா இருக்கணும்."

சட்டியைக் கண்ணாடி மேசைமேல் வைத்து விளிம்பை அங்குமிங்கும் அழுத்திக் காட்டினார். ஒன்று டிக் டிக்கென்று ஆடியது. அதை ஒதுக்கினார். அவர் சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். ஊரில் இப்போது பலர் இந்த அடுப்பு வாங்குகிறார்களாம், உதவும். அடி கனமாக இருக்க வேண்டும். மெல்லிசுச் சட்டி நாலு தரம் சூடானால் வளைந்துகொள்ளும், பிறகு நடுவில் தீய்ந்து ஓரத்தில் பச்சையாக நிற்கும். சட்டியின் அடி அடுப்பின் வட்டத்தை மூட வேண்டும். சின்னதை வைத்தால் அடுப்பு கண்டுகொள்ளாது, அல்லது சக்தி வெளியே கசியும். கைப்பிடி ஒட்டுப் போட்டதாக இல்லாமல் ஆணி அடித்ததாக இருந்தால் நல்லது. விலையைப் பார்த்து மயங்காதீர்கள், தூக்கிப் பாருங்கள்.

இதற்குள் அம்மா காந்தத்தை வாங்கிக்கொண்டு கடையையே சுற்றிவந்தார். வாளியில் வைத்தார், கரண்டியில் வைத்தார், ரொட்டிக்கல்லில் ஒட்டியதும், "அட, நம்ம ரொட்டிக்கல்லு பாஸாயிருச்சு!" என்று சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கடைசியில் வாய் அகன்ற, அடி கனத்த சட்டியொன்றை அவரே தேர்ந்தெடுத்தார். நானா பெயர் வெட்டுகிற மெஷினை எடுத்து விளிம்புக்குக் கீழே 'ராணி' என்று என் பெயரை வெட்டிக் கொடுத்தார். காந்தத்தைத் திருப்பிக் கொடுக்க அம்மாவுக்கு மனமில்லை. அதைக் கண்ட நானா, "வச்சுக்குங்கம்மா. மகளுக்கு நீங்க சீர் குடுக்கிறீங்க, ஒங்களுக்கு இது என் சீர்" என்றார்.

பஸ் டவுனைத் தாண்டி ஏற்றத்தில் ஏறும்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

"ராணி, நெஞ்சு ஓடுதுடி."

"ஓடுதுன்னா?"

"நா ஒக்காந்துதான் இருக்கேன். அது மட்டும் மலையேறுது."

நான் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். நாடி பிடித்துப் பார்த்தேன். என்னைப் பயமுறுத்தியது வேகம் அல்ல. கொஞ்சமும் பிசகாமல், சாவி கொடுத்த கடிகாரம் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அம்மா இடது கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கைக்கு அடியில் ரவிக்கைக்குள் ஏதோ புடைத்துத் தெரிந்தது.

எங்கள் பெண்கள் சுருக்குப் பையை எங்கே வைப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடது பக்கம், ரவிக்கைக்குள்ளே. காசு, வெற்றிலை, அடையாள அட்டை எல்லாம் அங்கேதான். காந்தமும் அங்கேதான் போயிருந்தது, மெஷினுக்கு நேர் மேலே.

பஸ் முழுக்க ஆட்கள் பார்க்க, அம்மாவின் ரவிக்கைக்குள் கையை விட்டுப் பையை இழுத்தேன்.

"என்னடி பண்ற! பஸ்ஸுக்குள்ள மானத்த வாங்குற!"

கையை எட்ட நீட்டிப் பையை வெளியே பிடித்துக்கொண்டு மறு கையால் நாடியைப் பார்த்தபடி இருந்தேன். அடுத்த வளைவு திரும்புவதற்குள் நாடி தணிந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை என்று பிற்பாடு சொல்லிச் சிரித்தோம். அன்றைக்குச் சிரிக்கவில்லை. இறங்கிய இடத்தில் காந்தத்தைப் பள்ளத்தில் விட்டெறிந்தேன். நானா மேல் பிழையில்லை, மெஷின் விஷயம் அவருக்குத் தெரியாது. சட்டி பார்க்கிற அவசரத்தில் எனக்கும் மறந்துபோயிருந்தது.

மறுநாளே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மெஷின் சரியாக இருந்தது. அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி ஒவ்வொன்றாகச் சொன்னார்: காந்தம் ஆகாது, போனை அந்தப் பக்கம் வைக்கக் கூடாது, அந்தக் கண்ணாடி அடுப்பென்றால் இரண்டடி தள்ளி நில்லுங்கள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நடைக்கு வந்ததும் நின்றார்.

"அப்ப ஒன் வீட்டுல எனக்கு என்னா வேல?"

3

வந்த முதல் மாதம் அம்மா ஹோலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சோறு அவரைத் தேடி வந்தது. பானை பிடித்தவள் பாக்கியசாலி என்று சும்மா சொல்லவில்லை; பானை பிடிக்காதவள் படுகிற பாட்டை நான் தினமும் பார்த்தேன். என் கணவர் பழக்கதோஷத்தில், "மாமி, நீங்கள் இருங்கோ, ஒண்டும் செய்ய வேண்டாம்" என்பார். அவர் அதை மரியாதையாகச் சொன்னார். அம்மாவுக்கு அது அடி மாதிரி விழுந்தது. நிலாவோ பள்ளியால் வந்தால் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். "அம்மாயி, ஓகே?" என்று கேட்பாள். "ஓகே" என்று அம்மா சொல்வார். இருவருக்கும் இடையில் அந்த ஒரு வார்த்தைதான் போய்வந்துகொண்டிருந்தது.

மனசு கேட்காமல், பிளக்கில் செருகுகிற பழைய மாதிரிக் கம்பிச்சுருள் அடுப்பு ஒன்று வாங்கினேன். அதில் காந்தமில்லை. அன்று அம்மா தேங்காய் ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் இடித்தார். நிலா காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு வந்து நின்றவாறே தின்றாள். இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன். கட்டிடத்தின் தீப் பாதுகாப்புச் சோதனைக்கு ஆள் வந்தார். மிக மரியாதையான மனிதர். அடுப்பைப் பார்த்தார், வருத்தப்பட்டார், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். இதை இந்தக் கட்டிடத்தில் வைத்திருக்கக் கூடாது, பால்கனியில் காஸ் அடுப்பும் கூடாது, வேறு தேவை இருந்தால் கட்டிடக் காரியாலயத்துக்குப் பேசுங்கள் என்றார்.

பேசினேன். வரிசையில் காத்திருக்க வைத்து வைத்துக் காது சூடான பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"உங்கள் தாயார் இந்த வீட்டில் வசிக்கிறாரா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்? வசிக்கிறார் என்றால், வாடகை ஒப்பந்தத்தில் இல்லாத ஆள், வீசாவிலும் வருகையாளர். ஆகவே, "இல்லை, விருந்தாளி" என்றேன்.

"அப்படியானால் அவர் சமைக்க வேண்டிய தேவை இல்லையே."

நேர்த்தி என்பதை விளக்கப் பார்த்தேன். எத்தனை வருஷமாக இங்கே ஆங்கிலத்தில் சண்டை பிடித்துப் பழகினவள் நான். இதற்கு மட்டும் சொல் வரவில்லை. அம்மா ஓர் அம்மனுக்கு அடுப்பை வாக்குக் கொடுத்திருக்கிறார் என்பது போல ஏதோ உளறினேன். அவள் சற்று நேரம் தட்டச்சு செய்துவிட்டு, 'சமயச் சாதனம்' என்று பதிந்திருப்பதாகச் சொன்னாள். அதற்கு அப்புறம் அவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

இங்கே கோயில் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. என் கணவர் போய்க் கேட்டார். மடப்பள்ளிக்குள் வெளியாட்களை விட மாட்டோம், காசு கட்டினால் நாங்களே பொங்கி அர்ச்சனை செய்து தருவோம் என்றார்களாம். அம்மா ஒரே வரியில் முடித்தார்.

"அவுங்க பொங்குனா அவுங்க நேர்த்தி."

4

வருஷம் முடிகிற அந்த வாரம் புதன்கிழமை எனக்கு முன்னேரத்திலேயே வேலை முடிந்தது. படியேறி வரும்போதே அடுப்பின் சத்தம் கேட்டது. சட்டியைக் காணோம் என்றால் அது கீச் கீச்சென்று கத்தும். வீட்டில் அம்மாவும், பரீட்சைக்குப் படிக்க லீவில் நின்ற நிலாவும் மட்டும்தான். சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினேன்.

உள்ளே பார்த்தேன். அம்மா கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். அடுப்பில் ஓர் அலுமினியச் சட்டி. ஊரில் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற அதே சட்டி. சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்திருக்கிறார், எனக்குச் சொல்லாமல். விறகடுப்பில் சட்டி சூடேறாவிட்டால் எங்கள் பெண்கள் என்ன செய்வார்கள்? குனிந்து அடியில் தீ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அம்மாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியின் மேல் நெஞ்சு படுகிற அளவுக்குக் குனிந்து, சட்டிக்கு அடியில் தீயைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் கத்தின கத்தலில் அடுத்த வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்தாள். தோளைப் பிடித்து இழுத்தேன். இழுத்த வேகத்தில் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டி சரிந்து பால் முழுக்கத் தரையில் ஓடியது.

"சாகப் பாத்தீங்களே! எத்தன தடவ சொல்றது? அறிவிருக்கா ஒங்களுக்கு?"

அம்மாவிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. மலையில் கங்காணிமார் பேசுகிற பேச்சு அது. அம்மா அதை ஆயுள் முழுக்கக் கேட்டவர்; மகள் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். சிந்திய பாலுக்கு நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளோட்டம் பாத்தேன். வெள்ளிக்கெழம பொங்குமா பொங்காதான்னு."

"பொங்காது. அந்தச் சட்டிக்கு அது எரியவே எரியாது."

"அப்ப என்னைய ஏன்டி கூட்டியாந்த? ஆஸ்பத்திரியில கெடக்கும்போதுகூட நா ஒரு ஆளா இருந்தேன். இங்க என்னைய படமாக்கி மாட்டி வச்சிருக்க. பூ மட்டுந்தான் போடல."

அம்மா மேசையைப் பிடித்து எழுந்து அறைக்குள் போனார். பெட்டி இழுபடுகிற சத்தம் கேட்டது.

நிலா வாசலில் நின்றாள். "அது வேலையே செய்யவில்லை, அம்மா" என்றாள், அவளுடைய ஆங்கிலத்தில். "அலுமினியம் என்றால் அடுப்பு சக்தியை நிறுத்திவிட்டுக் கத்தும். அம்மாயிக்கு ஒன்றும் ஆகியிருக்காது."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. சாதி பாக்குற அடுப்பு அம்மாவின் சட்டியைத் தள்ளிவைத்து, அம்மாவைக் காப்பாற்றியிருக்கிறது. நான்தான் இழுத்து விழுத்தியிருக்கிறேன். ஆனாலும் அடுத்த முறை அவர் கையில் நல்ல சட்டி இருந்தால்? அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

5

மாலை என் கணவர் போனில் விமான டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் பார்க்கச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர முடியாது. தாமதமானாலும் பரவாயில்லை, ஆத்தா பொறுத்துக்குவா என்றார் அம்மா. தம்பிக்குப் போன் பண்ணி விறகு காயப்போடச் சொல்லியாயிற்று. தம்பி என்னிடம், "அக்கா, மழ விடவே இல்ல. எல்லாம் ஈர மிலாறுதான். நீ அம்மாவ விட்றாத" என்று கெஞ்சினான்.

நான் அம்மாவின் அறைக்குப் போனேன். கட்டிலில் பெட்டி திறந்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அம்மா சேலையை மடித்தபடி இருந்தார்.

"நீ கத்துனது பெருசில்ல. எனக்கு அடுப்புக்கிட்ட நிக்கத் தெரியாதுன்னு நெனச்ச பாத்தியா, அதான்."

"தெரியாதுன்னு இல்லம்மா. கிட்டப் போகக் கூடாது, அவ்வளவுதான்."

"கிட்டப் போகாமச் சமைக்கத் தெரியாதா எனக்கு? கோயில் திருவிழாவுல தோட்டம் பூராவுக்கும் அண்டா வைப்போமே, மறந்துட்டியா? முழுசு முழுசா மரத்தப் போட்டு எரிக்கிற தீ. அதுகிட்ட ஒருத்தி போவாளா? மொகம் வெந்துரும். கொய்யாக் கம்புல அகப்பையக் கட்டி எட்ட நின்னுதானடி கிண்டுவோம்."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. புகைக்குள் வரிசையாக நிற்கிற பெண்கள், படகுத் துடுப்பு மாதிரி நீளக் கம்புகள், சேலையை இழுத்துச் செருகிய அம்மா.

ஒத்துக்கொள்ள எனக்கு உடனே மனம் வரவில்லை. பொங்கும்போது கிட்ட ஓடிவிடுவாரே, கொதிக்கிற பாலில் கம்பு தட்டிச் சட்டி கவிழ்ந்தால் என்ன செய்வது என்று எல்லாம் சொன்னேன். அம்மா பெட்டியை மூடவில்லை.

வியாழக்கிழமை மரச்சாமான் கடையில் நீளக் கம்பு ஒன்று வாங்கினேன். அம்மா என் மர அகப்பையை அதில் வைத்துச் சணல் நூலால் இறுக்கிக் கட்டினார். கட்டிய விதத்தில் முடிச்சே தெரியவில்லை. மரமாகவே இருக்கட்டும், இரும்புக் கரண்டியால் சட்டியைத் தொட வேண்டாம் என்று நானும் சொல்லியிருந்தேன். பெரிய வட்டத்தின் மேல் பதுளைச் சட்டியை நிலா வைத்துப் பார்த்தாள். கண்ணாடியில் வட்டக் கோடு ஓர் இடத்தில்கூட வெளியே தெரியவில்லை. ஆடவும் இல்லை. அளந்து பார்த்து நானா தேர்ந்து கொடுத்ததைப் போல இருந்தது. உண்மையில் தேர்ந்தது அம்மாதான்.

ஒன்றில் மட்டும் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. பால் பொங்கினதும் அரிசியை மூன்று தரம் சுற்றிக் கையால் அள்ளிப் போட வேண்டும். அகப்பையில் வைத்துக் கவிழ்க்கலாம் என்றேன்.

"போடலாம்" என்றார் அம்மா. "கையின்னு சொல்லிட்டு அகப்பைன்னா, ஆத்தா ஏன்னு கேக்க மாட்டா. எனக்குத்தான் தெரியும்."

6

வெள்ளிக்கிழமை காலை அம்மா குளித்து, திருநீறு பூசி, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார். சட்டிக்குக் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டினால் அடுப்பில் இலை படும் என்று நிலா தடுத்ததால், பொட்டு மட்டும் வைத்திருந்தோம். என் கணவர் வேலைக்குப் போகாமல் கதவோரம் நின்றார். டிக்கெட் காசு கட்டாமல் போனில் அப்படியே இருந்தது. பொங்கல் சரிவராவிட்டால் மாலையே கட்டுவதாகப் பேச்சு.

நிலா பொத்தானைத் தொட்டு அடுப்பைப் போட்டாள். அம்மா அவளிடமிருந்து அகப்பைக் கம்பை வாங்கினார். நான் அம்மாவுக்குப் பின்னால், பிடிக்கத் தயாராக நின்றேன். என் கண் சட்டியில் இல்லை, அம்மாவின் கால்களில் இருந்தது. பெருவிரல்கள் மஞ்சள் டேப்பை ஒட்டி நின்றன.

பால் சூடேற இவ்வளவு நேரமா என்று இருந்தது. அம்மா நீட்டின கையோடு மெல்லத் துழாவிக்கொண்டிருந்தார். ஒரு தடவை அகப்பை விளிம்பில் இடித்துச் சட்டி இம்மி நகர்ந்தது. நிலா சட்டென்று இரண்டு கையாலும் துணி பிடித்து நடுவுக்குத் தள்ளினாள்.

பிறகு பால் ஓரத்தில் நுரை கட்டியது. ஏறியது. ஏறி, விளிம்பில் ஒரு நொடி நின்றது.

"பொங்கலோ பொங்கல்!" என்றார் அம்மா.

பால் வழிந்தது. 'ராணி' என்று வெட்டியிருந்த எழுத்தின் மேலாக இறங்கி, கண்ணாடியில் பரவி, முன் ஓரத்தில் இருந்த தொடு பொத்தான்கள் வரை ஓடியது. அடுப்பு ஒரு தரம் கீச்சிட்டது. விளக்கெல்லாம் அணைந்தது.

அபசகுனம் என்று அம்மா சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"யாரு அணைச்சா?"

"ஒருத்தரும் இல்ல அம்மாயி" என்றாள் நிலா. "பால் பட்டா அதுவே ஓஃப் ஆகும்."

"அதுவாவா? இப்ப அதுல ஒண்ணும் இல்லையா?"

நிலா குனிந்து பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.

சட்டியின் அடி கனம். அடுப்பு அணைந்தும் பால் மேலே நின்று நுரைத்துக்கொண்டே இருந்தது. அம்மா கம்பை என் கையில் கொடுத்தார். அரிசிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். வாய்க்கால் தாண்டுகிறவரைப் போல் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, டேப்பைத் தாண்டினார். எனக்கு வாய் வரைக்கும் கத்தல் வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அம்மா அடுப்பின் முன்னால் நின்றார். பால் வழிந்த கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அரிசியை அள்ளிச் சட்டியைச் சுற்றினார். மூன்று தரம், தன் கையால், ஆவிக்குள்ளே கையை விட்டுப் போட்டார். அவசரப்படவில்லை.

"ஆத்தா வாங்கிக்கிட்டா" என்றார். "வாங்கிக்கிட்டு எனக்கு வழியும் விட்டுட்டா."

நான் அழுதேன். என் கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே துணியோடு வந்து கண்ணாடியைத் துடைத்தார். அம்மா அவரைப் பார்த்து, "மாப்பிள்ள, அந்த டிக்கெட்ட விட்ருங்க. வீசா முடியிறப்பவே போறேன்" என்றார்.

பிறகு யாரும் சொல்லாமலே திரும்பி நடந்து வந்தார். கோட்டைத் தாண்டி, இந்தப் பக்கம் வந்து, முதலில் நின்ற அதே இடத்தில் காலை வைத்தார். என்னிடமிருந்து அகப்பைக் கம்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு நிலாவைப் பார்த்தார்.

"இப்ப அடுப்பப் போடு."